வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் பராமரிப்பு: வார்டு செவிலியரைப் பொறுப்பாளராக்கும் பயிற்சி

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று வரிசையாக வகுப்பெடுத்தால் செவிலியர்கள் தேர்வில் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் இரவுப் பணியில் ஒரு நோயாளி தலையைச் சுவரில் முட்டிக்கொண்டால், கை மயக்க ஊசியைத்தான் தேடுகிறது. அதனால் நோய்களைப் பற்றிய பாடத்தை அரை நாளில் முடித்துவிட்டு, மீதி நேரத்தைச் சாப்பாடு, வலி, வலிப்பு மருந்து இந்த மூன்றுக்கும் கொடுக்கிறோம்.

இளம் ஸ்டாஃப் நர்ஸ்களை மட்டும் அனுப்பினால் பயன் குறைவு. முதலில் வார்டு இன்சார்ஜ் வர வேண்டும். உணவை நிறுத்துவது, டியூட்டி டாக்டரை நேராக அழைப்பது, வீட்டில் பார்த்துக்கொள்பவரை இரவிலும் கூடவே இருக்கவிடுவது ஆகிய மூன்றையும் செவிலியரே முடிவு செய்யலாம் என்று நர்சிங் சூப்பிரண்டிடம் எழுத்தில் வாங்கிய பிறகே பயிற்சியைத் தொடங்குவது நல்லது. அது இல்லாவிட்டால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

அதிக நேரம் பிடிப்பது சாப்பாடு. நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி அண்ணாந்து வாங்குவார், புரையேறும். ஊட்டுபவர் நோயாளியின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, வாய்க்கு நேராகக் கரண்டியைக் கொண்டுபோக வேண்டும். நோயாளி நிமிர்ந்து, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கட்டும். அரைக் கரண்டி கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. குரல் ஈரமாகக் கரகரத்தால் அப்போதே நிறுத்த வேண்டும். சாப்பிட்டு முடித்த பின் 30 நிமிடமாவது படுக்கவிடக் கூடாது.

விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கொடுக்கும் கஞ்சியின் கெட்டியைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 10 மி.லி. சிரிஞ்சின் உலக்கையை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 மி.லி. வரை ஊற்றி, விரலை எடுத்து 10 விநாடி ஓடவிடுங்கள். 1 முதல் 4 மி.லி. வரை மிஞ்சினால் ஐடிடிஎஸ்ஐ (உணவு, பானங்களின் கெட்டியை வகைப்படுத்தும் சர்வதேச அளவு) அளவில் முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. அதற்கு மேல் மிஞ்சி, சிறிதாவது ஓடியிருந்தால் மூன்றாம் நிலை. சிரிஞ்சில் 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். பருக்கை அடைத்துக்கொண்டாலும் கெட்டி என்று தவறாகக் காட்டும், ஆகவே வடிகட்டிய பிறகே சோதிக்க வேண்டும். ஆறினால் கஞ்சி இறுகும். எச்சில் கரண்டியைத் திரும்பத் திரும்ப விட்டால் உமிழ்நீர் மாவுச்சத்தைக் கரைத்து நீர்க்க வைக்கும். காலையில் சரியாக இருந்தது என்பது மதியத்துக்குச் செல்லாது.

நடத்தை திடீரென மாறினால் 'இவர் எப்பவுமே இப்படித்தான்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கு முன் பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நெஞ்செரிச்சல், இடுப்பு மூட்டு விலகல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பேசாதவர்களுக்கு வலியை அளக்கும் ஆர்-ஃப்ளாக் அளவுகோல் உதவும்: முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது என ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. அவருக்கே உரிய வலி அடையாளங்களை அம்மாவிடம் கேட்டு அதில் எழுதிச் சேர்க்கலாம். இந்தக் கேள்வியைச் சேர்க்கையன்றே கேட்டுவிட வேண்டும்.

வலிப்பு மருந்தில் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் தவறு. அறுவைக்கு முன் பட்டினி என்றதும் காலை மருந்தும் நின்றுபோகிறது. கொடுக்கலாமா, வேறு வழியில் கொடுப்பதா என்று மயக்க மருத்துவரிடம் முதல் நாளே கேட்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு மெதுவாகக் கரையும் வால்ப்ரோயேட் மாத்திரையை இடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இடிக்கக் கூடாது, சிரப்பாக மாற்றித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஒப்புதல் படிவம்: 18 வயது நிறைந்தவருக்குப் பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட அளவில் உள்ள குழு நியமிக்க வேண்டும். ஆணை நகல் இருக்கிறதா என்று சேர்க்கையின்போதே கேட்டு வைக்கச் சொல்கிறோம். அறுவைக்கு முந்தைய இரவில் கேட்டால் வீட்டார் பதறுவார்கள்.