கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வேலை

பிப்ரவரி 3

ஸ்டார்ட்அப்பில் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் சி.ஓ.ஓ. வேலையை விட்டு, ஸ்டார்ட்அப்களில் பணம் போடும் முதலீட்டு ஃபண்டுக்கு வந்தாயிற்று. அங்கே காலையில் போனால் சர்வர் படுத்திருக்கும், இல்லை பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கொதித்துப்போய் இருப்பார், எதுவானாலும் சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு தெரிந்துவிடும். இங்கே இன்று போடும் பணம் சரியா தப்பா என்று தெரியவே ஏழெட்டு வருடம் ஆகலாம். வழக்கமாக ஃபண்டின் ஆயுளே 10 வருடம்தான்.

பிப்ரவரி 11

நிர்வாகத்திலிருந்து முதலீட்டுக்கு வரும் இந்தப் பாதையில் முன்னே போனவர் என்றால் எனக்கு முதலில் ரீட் ஹாஃப்மன் ஞாபகம்தான் வரும். இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபாலில் எங்கே நெருப்புப் பிடித்தாலும் அணைக்கப் போகிற ஆள் அவர். 2002இல் இணையச் சந்தை நிறுவனமான ஈபே அதை 150 கோடி டாலருக்கு வாங்கியதும் வெளியே வந்து, வேலைத் தொடர்புகளுக்கான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன்னை ஆரம்பித்தார், 2009இல் கிரேலாக் என்ற முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். நடுவில் 2004இல் ஃபேஸ்புக் பணம் தேடி வந்தபோது, தானே முன்னின்று போட்டால் லிங்க்ட்இனுக்கும் அதற்கும் முரண்பாடு வரும் என்று பழைய பேபால் சகா பீட்டர் தீலிடம் அனுப்பிவைத்து, தான் சிறு தொகை மட்டும் போட்டார். தீல் போட்டது 5 லட்சம் டாலர். அந்த 5 லட்சத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அனுப்பிவைத்ததுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மார்ச் 6

முதலீடு கேட்டு இன்று ஒரு ஸ்டார்ட்அப் காட்டிய பிட்சில் பயனர் வரைபடம் மேலே மேலே ஏறுகிறது. கூட்டிக்கொண்டே போகும் எண் எப்படி இறங்கும்? இதுவரை பதிவு செய்தவர்கள் எல்லோரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள், போனவர்களையும் சேர்த்து. ஜனவரியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஜூனில் இன்னும் பணம் கட்டுகிறார்கள், அதை மட்டும் மாதவாரியாகக் கொடுங்கள் என்றேன். அதேபோல 'வருமானம்' என்ற வரிக்குள் கையெழுத்தான ஒப்பந்தம், அனுப்பிய பில், வங்கிக்கு வந்த காசு மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன், அவசரத்தில் இப்படித்தான் ஆகும். நிர்வாகத்தில் இருந்தவனுக்கு இங்கே ஏதாவது கூடுதல் பலம் உண்டென்றால் அது இதுதான், எந்த எண்ணுக்குள் எது ஒளிந்திருக்கும் என்று தெரியும்.

மார்ச் 7

வேண்டாம் என்று சொல்லியாயிற்று. காரணத்தையும் எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 2

நாங்கள் பணம் போட்ட ஒரு கம்பெனியில் போர்டு கூட்டம். டெலிவரி ஏன் தாமதம் என்று நிர்வாகத்தினர் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் கை பரபரத்தது, எழுந்து போய் அந்த டீம் தலைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம். ஆனால் போர்டில் இருக்கிறவன் நேராக ஊழியரிடம் போனால், அடுத்த நாளிலிருந்து அந்த ஊழியர் யார் பேச்சைக் கேட்பார்? பேசாமல் இருந்தேன். வெளியே வந்ததும் நிறுவனர் தானாகவே அதைப் பற்றிக் கேட்டார், அப்போது சொன்னேன்.

ஏப்ரல் 19

ஹாஃப்மன் கிரேலாக்குக்கு வந்து அதிக நாள் ஆகாதபோது, 2010இல், வீடுகளைத் தங்க வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியில் பணம் போடலாம் என்று கூட்டாளிகளிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அனுபவசாலியான கூட்டாளி டேவிட் சீ, தோற்றுப் பாடம் படிக்க எல்லா முதலீட்டாளருக்கும் ஒன்று வேண்டும், உனக்கு இது இருக்கட்டும் என்ற மாதிரி சொன்னாராம். ஆனாலும் தடுக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. 2020 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்த முதல் நாள் முடிவிலேயே ஏர்பிஎன்பி மதிப்பு 8,600 கோடி டாலரைத் தாண்டியது.

மே 14

நாங்கள் 20 சதவீதம் வைத்திருக்கும் ஒரு சின்ன கம்பெனியை 5 கோடி டாலருக்கு வாங்க ஆள் வந்திருக்கிறது. நிறுவனருக்கு அது வாழ்க்கையே மாறுகிற பணம். எங்களுக்கு வருவது 1 கோடி. 10 கோடி டாலர் ஃபண்டுக்கு அது பசியாற்றாது, ஒரே கம்பெனி மொத்த ஃபண்டையும் திருப்பித் தர வேண்டுமென்றால், அடுத்தடுத்த முதலீட்டுச் சுற்றுகளில் எங்கள் பங்கு 10 சதவீதமாகக் குறைந்த பிறகும் அது 100 கோடிக்கு விலைபோக வேண்டும். அதனால் ஃபண்டில் என் கூட்டாளிகள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். அவர்கள் கணக்கு தப்பில்லை, பல கம்பெனிகளில் போட்டுவிட்டு ஒன்று எகிறினால் போதும் என்பவர்களுக்கு அது சரி. நிறுவனரிடம் இருப்பது ஒரே ஒரு கம்பெனி. விற்றுவிடுங்கள் என்று நாளைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன், கூட்டாளிகளிடம் இன்று ராத்திரியே முன்கூட்டி எழுதிவிட்டேன்.