எல்பிஐசி 101 தேர்வில் ஐஆர்க்யூ பகுதி: மனப்பாடத்தைத் தாண்டி

லினக்ஸ் நிர்வாகிகளுக்கான எல்பிஐசி-1 சான்றிதழின் முதல் தேர்வான 101-இல் 90 நிமிடத்தில் 60 கேள்விகள். 800-க்கு 500 எடுத்தால் தேர்ச்சி. பாடத்திட்டத்தின் முதல் தலைப்பே வன்பொருள்தான். ஐஆர்க்யூ (சாதனங்கள் ப்ராசசரின் கவனத்தைக் கோரும் இன்டரப்ட் எனும் சமிக்ஞைக்கான எண்) அதில்தான் வரும். வெயிட்டேஜ் இரண்டுதானே என்று பலரும் அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். லினக்ஸை நிஜமாகவே நிர்வகிக்கப் போகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன்.

பழைய குறிப்புகளில் 0 முதல் 15 வரை ஐஆர்க்யூ எண்களுக்கு ஒரு அட்டவணை இருக்கும். டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, காம்1-க்கு 4 என்று போகும். ஒரு மாலை உட்கார்ந்தால் மனதில் நின்றுவிடும். ஆனால் அது ஐஎஸ்ஏ எனும் பழைய வகை கார்டு காலத்துக் கணக்கு. அப்போது ஒரே எண்ணை இரண்டு கார்டுகள் பிடித்தாலே தகராறு, கார்டிலுள்ள ஜம்பர் எனும் சிறு இணைப்பியைப் பிடுங்கி மாற்ற வேண்டும். பிசிஐ எனும் புதிய இணைப்பு முறை வந்த பிறகு ஒரே எண்ணில் பல சாதனங்கள் இருப்பது சகஜம். எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததுமே மோதல் என்று முடிவு கட்டாதீர்கள்.

அப்படியானால் கெர்னலை (லினக்ஸின் மையப்பகுதி) அப்கிரேடு செய்த பிறகு சில கணினிகளில் ஏன் ஐஆர்க்யூ சிக்கல் வருகிறது? கார்டுகள் மாறவில்லை, அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் மாறியிருக்கின்றன. பகிர்ந்த எண்ணில் இன்டரப்ட் வந்தால் கெர்னல் ஒவ்வொரு டிரைவரிடமும் "இது உன்னுடையதா?" என்று கேட்கும். ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கோராவிட்டால் அந்த எண்ணையே மூடிவிடும். அதே எண்ணில் சமர்த்தாக இருந்த சாதனமும் சேர்ந்து அடிவாங்கும்.

நான் பயிற்சிக்கு வைத்திருந்த பழைய டெஸ்க்டாப்பில் இதை நேரிலேயே பார்த்தேன். அப்கிரேடு முடிந்து சிறிது நேரத்தில் யுஎஸ்பி மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தது. கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்டு" (யாரும் கண்டுகொள்ளவில்லை) என்ற வரி, அதன் கீழேயே 16-ஐ முடக்கிவிட்டதாகத் தகவல். கெர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவின் இன்டரப்ட்ஸ் கோப்பில் 16-ஆம் வரியில் யுஎஸ்பி கன்ட்ரோலரும் சவுண்ட் கார்டும் ஒன்றாக இருந்தன. மவுஸை எவ்வளவு ஆட்டினாலும் அந்த வரியின் எண்ணிக்கை அசையவே இல்லை.

இப்படி நடந்தால் முதலில் கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து பூட் செய்யுங்கள். அதில் கோளாறு இல்லையென்றால் கார்டைக் கழற்ற வேண்டியதில்லை. அப்புறம் புதிய கெர்னலில் கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை "-கே" சேர்த்து ஓட்டி, எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் என்று பாருங்கள். சந்தேகப்படும் மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பு) மோட்ப்ரோப் "-ஆர்" கொடுத்து இறக்கினால் மட்டும் போதாது. மூடிய எண் தானாகத் திறக்காது. அதனால் மாட்யூலைத் தடைப்பட்டியலில் போட்டு பூட் செய்து பாருங்கள். யாரும் உரிமை கோராத இன்டரப்டை எல்லா டிரைவர்களிடமும் கேட்டுப் பார்க்கும், கெர்னலே பரிந்துரைக்கும் ஐஆர்க்யூபோல் எனும் பூட் விருப்பத்தையும் முயலலாம், ஆனால் வேகம் குறையும். கிரப்பில் "ஈ" விசையை அழுத்தி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் சேர்த்தால் போதும். வன்பொருள் அமைப்பைக் கவனிக்கும் ஏசிபிஐ-யை மொத்தமாக அணைக்கச் சொல்லும் ஆலோசனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது மின்சார மேலாண்மையையும் சேர்த்தே அணைத்துவிடும்.

தேர்வுக்கு இன்னொன்று. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளும் உண்டு. ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ், ஐஓபோர்ட்ஸ் (சாதன முகவரிகள்), டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) ஆகிய மூன்று கோப்புகளின் பாதையையும் முழுதாக டைப் செய்து பழகுங்கள். முதல் இரண்டிலும் கடைசி "எஸ்" விட்டுப்போனால் மதிப்பெண் போச்சு.