எம்.ஃபார்ம் பார்மகாலஜி: தீசிஸுக்கு எலி அனுமதி வாங்கும் கதை

எம்.ஃபார்ம் நுழைவுத் தேர்வான ஜிபேட் தேறி, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு சேர்ந்தவர்களையும் இழுத்தடிப்பது விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிதான். ஆய்வு மூன்றாம் செமஸ்டரில் தொடங்கவேண்டும். குழுவோ அடிக்கடி கூடுவதில்லை. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு நியமித்த உறுப்பினர் வரவில்லையென்றால் கூட்டமே தள்ளிப்போகும். இரண்டாம் செமஸ்டர் முடியும் முன்பே அனுமதி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் பி உங்கள் கைடின் கையில் இருக்கட்டும்.

முதல் கேள்வி எண்ணிக்கை. "குரூப்புக்கு ஆறு, போன பேட்ச்சும் அப்படித்தான்" என்றால் எடுபடாது. மொத்த எலிகளில் குரூப் எண்ணிக்கையைக் கழித்தால் 10 முதல் 20க்குள் வரவேண்டும். ஐந்து குரூப்புக்கு ஆறு வீதம் 30. கழித்தால் 25, அதிகம். ஐந்து வீதம் 25. கழித்தால் 20, சரி.

அடுத்து டோஸ். 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி. என்றால் கிலோவுக்கு 5 மி.கி. அதையே எலிக்கு எழுதினால் குறைவு; 6.2 ஆல் பெருக்கி 31 என்று போடவேண்டும்.

நாங்கள் எடுத்தது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தால் எலிக்குச் சர்க்கரை நோய் வரவழைக்கும் மாடல். குளிர்ந்த சிட்ரேட் பஃபரில், பி.எச். 4.5 இல், கரைத்த கையோடு ஊசி போட்டுவிடவேண்டும். வைத்திருந்தால் மருந்து சிதைந்து சர்க்கரை ஏறாது. மருந்து வேலை செய்தாலும் முதலில் ஓர் ஆபத்து: இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் உடையும்போது அந்த இன்சுலின் மொத்தமாகக் கொட்டி, சர்க்கரை சரிந்து எலி செத்துப்போகும். அதனால் அன்றிரவு தண்ணீர்ப் பாட்டிலில் குளுக்கோஸ் கரைசல். 72 மணி நேரம் கழித்து, வால் நுனி ரத்தத்தில் 250 மி.கி. தாண்டியவற்றை மட்டும் எடுத்தோம். அப்படியும் சில சாகும், சிலவற்றுக்கு ஏறாது. அந்தக் கூடுதல் எலிகளையும் காரணத்தோடு முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் இன்னொரு கூட்டத்துக்குக் காத்திருக்கணும்.

"வலி இருக்காது" என்று ஒற்றை வரி எழுதினால் குழுவில் உள்ள கால்நடை மருத்துவர் விடமாட்டார், விடவும் கூடாது. எடை எவ்வளவு குறைந்தால் சோதனையை நிறுத்துவீர்கள், எப்படி மயக்குவீர்கள் என்று எழுதுங்கள். வாயில்லா ஜீவனுக்காகப் பேச அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்குகளில் சோதிக்கும் முன்மருத்துவ ஆய்வகங்களில் வேலைக்குப் போனால், இப்படிக் கணக்கும் காரணமும் எழுதிவைக்கும் ஒழுங்கைத்தான் பார்ப்பார்கள். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலென்ஸில் கேள்வியே வேறு: தீவிர பக்கவிளைவைத் தெரிவிக்க 15 நாள் கெடு எப்போது தொடங்கும்? நோயாளி, தகவல் தந்தவர், மருந்து, பக்கவிளைவு, இந்த நான்கும் கையில் கிடைத்த நாளிலிருந்து.