4.49ஆ 4.50ஆ: தறிக்கூடத்தில் மூன்று ஞாயிறு

ஒரு வழியாக என் ஏர் ரைபிளின் (காற்றுத் துப்பாக்கி) ஐந்து குண்டும் இலக்குக் கார்டில் ஒரே ஓட்டைக்குள் போய்விட்டன. ஓட்டையின் வெளி விளிம்புகளுக்கு இடையே 5.8 மி.மீ., குண்டே 4.5 என்பதால் மையத்துக்கு மையம் வெறும் 1.3. கார்டை ஃபிரேம் போடப்போகிறேன் என்றதற்கு வீட்டில் ஒரு முறைப்பு கிடைத்தது.

அம்மாபேட்டையில் தாத்தா காலத்துத் தறிக்கூடம் சும்மா கிடக்கிறது. தறிகளை எடுத்தபின் கோடிக்குக் கோடி 13 மீட்டர், பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்கு அளவெடுத்துக் கட்டியதுபோல. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே 'ஏற்காட்டுக்கு மான் சுடவா?' என்று தெருவில் கேட்கிறார்கள். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 172 மீட்டரில் போனால் எட்டு ஜூல்கூடத் தேறாது, அதைவைத்து மானா! 1972 சட்டத்துக்கு முன்பு எஸ்டேட்டில் வேட்டை பார்த்த என் பெரியப்பாவுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு. "மானுக்கு எஸ்ஜி, பன்னிக்கு எல்ஜி, அவ்வளவுதான்டா எங்க கணக்கு. நீ கடுகாட்டம் குண்ட வெச்சுக்கிட்டு மூணு வாரமா என்ன பண்ற?" (எஸ்ஜி, எல்ஜி என்பவை பெரிய ஈயக் குண்டுகள் கொண்ட வேட்டைத் தோட்டா வகைகள்.)

பண்ணியதைச் சொல்கிறேன். என்னிடம் நான்கு டப்பா. குண்டின் தலை விட்டத்தை மி.மீ. கணக்கில் சொன்னால், ஒரே கம்பெனியின் 4.49, 4.50, 4.51, அப்புறம் வேறு கம்பெனியின் 4.50 ஒன்று. முதல் ஞாயிறு முழுக்க எடை போட்டே போனது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் மில்லிகிராம் காட்டும் தராசை இரவல் வாங்கி, ஒரு டப்பாவின் 500 குண்டையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்தேன். மின்விசிறி போட்டால் எண் ஆடும், போடாவிட்டால் சேலத்து வெயில். பிரித்ததையும் பிரிக்காததையும் மாறி மாறிச் சுட்டதில் ஒரு வித்தியாசமும் இல்லை. பத்து மீட்டரில் சில மில்லிகிராம் ஒன்றுமே செய்வதில்லை, குறைந்தபட்சம் என் துப்பாக்கியில். அதைவிட ஸ்கர்ட் (குண்டின் பின்பக்க விளிம்பு) நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி எறிந்தது உருப்படியான வேலை. கூரியரில் உருண்டுவந்த ஒரு டப்பாவில் மட்டும் முப்பதுக்கு மேல் நசுங்கல்.

அடுத்தது வைஸ், அதாவது இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி. இதில்தான் என் உயிர் போனது. கையில் பிடித்துச் சுட்டால் குண்டின் குறையா என் குறையா என்று தெரியாது என்பதற்காக மேசையில் வைஸ் பூட்டி, அவசரத்தில் பேரலைப் பிடித்து இறுக்கினேன். குரூப், அதாவது ஐந்து குண்டும் சேர்ந்து போட்ட ஓட்டையின் அகலம், 9 மி.மீ. இன்னும் இறுக்கினேன், 10. பேரலை விட்டுவிட்டு, சைக்கிள் டியூப் துண்டு சுற்றி ஆக்‌ஷன் (பேரலுக்குப் பின்னால் குண்டு போடும் பகுதி) பக்கமாகப் பிடித்தேன், 7.5க்கு இறங்கியது. அப்புறம் பார்த்தால் மேசையே ஆடுகிறது. தறிக்குழி ஓரத்துக் கருங்கல்லில் இரண்டு போல்ட் இறக்கிப் பூட்டிய பிறகுதான் ஒரே டப்பா இரண்டு தடவை ஒரே மாதிரி பேசியது. ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள், அது வைஸில் ஒரு மாதிரியும் தோளில் வேறு மாதிரியும் சுடும். என்னுடையது காற்று உருளை வைத்தது.

இவ்வளவுக்கும் பிறகு முதல் கம்பெனியின் 4.50தான் கடைசி இடம், 8 மி.மீ. டப்பாவையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். மூன்றாம் ஞாயிறு பேரலைத் துடைத்தபோதுதான் உறைத்தது. மற்ற கம்பெனியின் குண்டைச் சுட்ட கையோடு, பேரலில் அதன் ஈயமும் எண்ணெயும் ஒட்டியிருக்கும்போதே இதன் முதல் ஐந்தைச் சுட்டுக் கணக்கு எழுதியிருக்கிறேன்! இந்த முறை இருபது குண்டைக் கார்டே மாட்டாமல் விட்டுவிட்டு அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். 6.1, 5.9, 6.0, 5.8. மற்ற டப்பாக்களுக்கும் அதே மரியாதை கொடுத்தேன். 4.49க்கு 6.8, 4.51 ஏழுக்கு மேலேயே நின்றது, வேறு கம்பெனிக்காரன் 7.2.

கார்டில் பத்துப் புள்ளிக்கான இடம் வெறும் அரை மி.மீ. பொட்டு. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கத்துக்கான கடைசிக் குண்டில் 10.8 (உச்சம் 10.9) எடுத்தார். தோளில் வைத்து நான் சுட்டால் ஒன்பதே திருவிழாதான், ஆனாலும் இனிமேல் குண்டின்மேல் பழி போட முடியாது. அதுதான் கொஞ்சம் வருத்தம்.

இதே லாட்டில் (ஒரே தடவையில் தயாரான தொகுதியில்) எட்டு டப்பா எடுத்துவைக்கலாம் என்று கோயம்புத்தூர் கடைக்குப் போன் செய்தால், அந்த லாட் தீர்ந்துவிட்டதாம், அடுத்த லாட் 4.50 வருமாம், 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்கிறார். ஒன்று இல்லை என்று கண்டுபிடிக்கத்தானே மூன்று ஞாயிறு! இரண்டு டப்பா மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், கல்லில் வைஸ் அப்படியே இருக்கிறது. அதற்குள் கைப்பம்புக்கு வாஷர் மாற்ற வேண்டும். 200 பார் ஏற்றுவதற்குள் எனக்கே காற்று போய்விடுகிறது.