டார்ச் செல்லும் கொஞ்சம் எச்சரிக்கையும்
கோத்தகிரிப் பக்கம் இருட்டியபின் டார்ச் இல்லாமல் வெளியே போக முடியாது, கரடியோ காட்டுமாடோ எந்தத் திருப்பத்தில் நிற்குமோ. அதனால் வீட்டுக்கு வீடு பழைய செல் சேர்ந்துவிடுகிறது. அல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். தீர்ந்த செல்லை டார்ச்சிலேயே விட்டால் கசிந்து வெள்ளையாகப் பூக்கும். அதை வெறும் கையால் சுரண்டாதீர்கள், கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட துணியால் துடையுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம்தான். அப்புறம், குளிர்காயும் நெருப்பில் செல்லைத் தூக்கிப் போடுகிறவர்களே, அது வெடிக்கும்! பார்சலில் அனுப்புவதானால் முனைகளில் டேப் ஒட்டுங்கள், உலோகம் பட்டால் ஷார்ட் ஆகிச் சூடேறும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைச் சேகரிப்பது தயாரிப்பாளர் பொறுப்பு, குப்பையில் கலக்காமல் தனியே கொடுப்பது நம் பொறுப்பு.