பிங் போகாத வாரம்

மார்ச் 2

நெட்வொர்க்கிங் தேர்வுக்குப் படிக்கிறேன். கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளையும் காலையில் நெட்டுரு போட்டேன். சாயங்காலம் பார்த்தால் ஐந்துதான் மிச்சம். செஷனும் பிரசென்டேஷனும் எங்கோ போய்விட்டன. ஒரே நெட்வொர்க்குக்குள் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் இரண்டாம் அடுக்கு, நெட்வொர்க்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர் மூன்றாம் அடுக்கு. இப்போதைக்கு இது போதும்.

மார்ச் 4

சப்நெட், அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது. ஐபிவி4 முகவரி 32 பிட். /26 என்றால் முதல் 26 பிட் நெட்வொர்க்குக்கு, மீதி 6 பிட் அதற்குள் இருக்கும் கணினிகளுக்கு. இந்தப் பிரிவைக் காட்டும் மாஸ்க் 255.255.255.192. பைனரியில் எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகுதான் குறுக்குவழி பிடிபட்டது: 256-இல் 192 போனால் 64. ஆக 0, 64, 128, 192 என்று நான்கு துண்டு. ஒவ்வொன்றிலும் முதல் எண் நெட்வொர்க்குக்கு, கடைசி எண் பிராட்காஸ்ட்டுக்கு, அதாவது எல்லாருக்கும் ஒரே சேதி அனுப்ப. கையில் நிற்பது 62.

மார்ச் 5

போர்ட் எண்கள், அதாவது வரும் சேதி எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்கள். எஸ்எஸ்எச் 22, டிஎன்எஸ் 53, எச்டிடிபி 80, எச்டிடிபிஎஸ் 443. இதில் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை, உருப்போட வேண்டியதுதான்.

மார்ச் 7

சிமுலேட்டரில் ஒரு ஸ்விட்ச், இரண்டு கணினி. ஒன்று 192.168.1.20, இன்னொன்று 192.168.1.70. ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பதில் வாங்கும் பிங் போகவில்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே தப்போடு மறுபடி கட்டினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: .20-க்கு /24, .70-க்கு /26.

அனுப்பும் தரவுத் துண்டான பாக்கெட்டோடு மாஸ்க் போவதே இல்லை! எதிராளி நம் தெருவா, வெளியூரா என்று ஒவ்வொரு கணினியும் தன் மாஸ்க்கை வைத்துத் தானே முடிவு கட்டுகிறது. .20-க்கு .70 பக்கத்து வீடு. .70-இன் தெருவோ 64 முதல் 127 வரைதான், அதன் கணக்கில் .20 வெளியூர். வெளியூர்த் தபாலை, வெளியே போகும் வாசலான கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். நான் கேட்வேயே வைக்கவில்லை. கேள்வி போய்ச் சேர்ந்தாலும் பதில் கிளம்ப வழி ஏது? மாஸ்க் என்றால் எத்தனை முகவரி என்று எண்ணத்தான் என இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 8

இரண்டுக்குமே /26 கொடுத்து, நடுவில் ரவுட்டர் வைத்தேன். கேட்வே ஒரு பக்கம் .1, மறுபக்கம் .65. நான்கு பிங்கில் முதலாவது விழுந்துவிட்டது, மற்ற மூன்றும் போயின. .70-இன் மேக் முகவரி (வன்பொருளின் முகவரி) என்ன என்று ரவுட்டர் ஏஆர்பியில் (ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்டறியும் முறை) விசாரித்து முடிப்பதற்குள் முதல் பாக்கெட் பலி.

அப்புறம் ஒவ்வொரு படியாக நிறுத்திப் பார்த்தேன். ரவுட்டரைத் தாண்டியதும் மேக் முகவரிகள் இரண்டும் மாறிவிட்டன. ஐபி முகவரிகள் அப்படியே இருந்தன. மேக் இரண்டாம் அடுக்கு, ஐபி மூன்றாம் அடுக்கு. முதல் நாள் ஒப்பித்தது இதைத்தானா!

மார்ச் 10

மாதிரித் தேர்வு. 20-க்கு 13. சப்நெட்டில் மூன்று தப்பு. அதில் ஒன்றில், 128-உம் 64-உம் 182 என்று எழுதியிருக்கிறேன்.