குழாய் இல்லாத வீட்டில் தண்ணீர்

குழாயில் கொட்டும்போது கணக்குத் தெரியாது, சுமக்கும்போதுதான் தெரியும். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ, கேனின் எடை தனி. குடிக்க, சமைக்க, கழுவ ஒருவருக்கு ஒரு நாளைக்கு அதுவே சிக்கனமான அளவு.

கலங்கல் தண்ணீரில் நேராகக் குளோரின் விடுவது வீண். அழுக்கே மருந்தைத் தின்றுவிடும். தெளியவிட்டு, நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். பிறகு தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம். (உப்பும் ரசாயனமும் இதில் போகாது.) எரிபொருள் இல்லையா? வாசனை சேர்க்காத 5–6 சதவீத ப்ளீச் திரவம் (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்), லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி 30 நிமிடம் காத்திருங்கள். லேசான குளோரின் வாடை வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை.

இத்தனையும் செய்துவிட்டு டம்ளரோடு கையையும் உள்ளே முக்கினால் போச்சு! குறுகிய வாயும் மூடியும் அடியில் குழாயும் உள்ள பாத்திரமே சரி.